பெயரையும் பறித்தார்கள்



ஒரு நாட்டு அணி இதுவரை ஆடிய சர்வதேச ஆட்டங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம். பிரான்சு நாட்டின் பதின்மூவர் ரக்பி அணியின் பட்டியல் அது. உலக வழக்கில் இந்த ஆட்டத்துக்கு ‘ரக்பி லீக்’ என்று பெயர். தேதி, ஊர், எதிரணி, புள்ளிகள் என்று நான்கு கட்டங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி இருக்கும்.

இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். 2022 உலகக் கோப்பையில் சமோவாவிடம் 4–62 என்று தோல்வி. 2023 ஏப்ரலில் இங்கிலாந்திடம் 0–64. ஒரு புள்ளிகூட இல்லை. 2024இல் சொந்த மண்ணான துலூஸ் நகரில் அதே இங்கிலாந்திடம் 8–40. இதைப் பார்க்கிற எவனும் என்ன சொல்வான்? ‘இவனுங்களுக்கு ஆட வராதுப்பா. திறமை இருந்தா ஜெயிச்சிருப்பானுங்கல்ல?’ என்பான். தகுதி, திறமை என்ற இரண்டு சொற்களும் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில், யாரைப் பார்த்து அவை வரும் என்பதை நாம் நன்றாக அறிவோம். ‘நம்ம பத்திரிகையில ரக்பி எதுக்கு?’ என்று கேட்கிற தோழர்களுக்கும் இதுதான் பதில். தகுதி என்று காட்டப்படுகிற ஒரு கணக்கு எப்படித் தயாராகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியலைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். ஆகவே கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு முதல் பக்கத்திலிருந்து படிப்போம்.

முதலில் ஆட்டம் பிறந்த கதை. இங்கிலாந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் வளர்ந்தது. பிறகு அது வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளுக்குப் போனது. அங்கே அதை ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், பஞ்சாலைத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட்டம் என்றால் அன்றைய கூலி போய்விடும். ‘இழந்த கூலியை மட்டும் ஈடு கட்டுங்கள், நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் போதும்’ என்று வடக்குச் சங்கங்கள் கேட்டன. 1893இல் லண்டனில் கூடிய ரக்பி யூனியன் பொதுக்குழு 282க்கு 136 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. காசு வாங்கினால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடுமாம்! வயித்துக்குச் சம்பாதிக்க வேண்டாதவன்தான் புனிதத்தைப் பற்றிப் பேச முடியும். சாயங்காலம் வீட்டுக்கு ரொட்டி வாங்கிப் போக வேண்டியவன் எந்தப் புனிதத்தைச் சாப்பிடுவான்?

1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட வடக்குச் சங்கங்கள் கூடித் தனி அமைப்பு கண்டன. போகப்போக ஆட்டத்தின் விதிகளையும் மாற்றினார்கள். 1906இல் பதினைந்து பேர் என்பது பதின்மூன்று பேரானது. ஆள்மேல் ஆள் விழுந்து பந்தை மறைத்துக்கிடக்கும் நேரம் குறைந்தது, ஓட்டம் கூடியது, பார்க்க வருகிற கூட்டமும் கூடியது. இப்படித்தான் ரக்பி இரண்டானது. பதினைவர் ரக்பி கனவான்களின் ஆட்டம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. பதின்மூவர் ரக்பி தொழிலாளிகளின் ஆட்டம் என்று ஆனது. பதின்மூவர் ஆட்டத்தில் ஒருமுறை கால் வைத்தவனை, காசே வாங்காவிட்டாலும், மறுபடி தங்கள் மைதானத்துக்குள் விடமாட்டோம் என்று பதினைவர் சங்கம் விதி செய்துகொண்டது. தொட்டால் தீட்டு என்பது வேறு வேறு ஊரில் வேறு வேறு உடை உடுத்தி வருகிறது.

பிரான்சுக்கு வருவோம். அங்கேயும் முதலில் பதினைவர் ரக்பிதான், அதுவும் தெற்கிலும் தென்மேற்கிலும் வேரூன்றியது. 1931இல் பிரித்தானியச் சங்கங்கள் பிரான்சோடு ஆடுவதை நிறுத்தின. ஆட்டத்தில் வன்முறை, மேசைக்கு அடியில் காசு கைமாறுகிறது என்பவை குற்றச்சாட்டுகள். குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது. சங்கங்கள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அந்த ரகசியத்துக்கு ஆளுக்கொரு நீதி வழங்கப்பட்டது. ழான் கலியா என்ற முன்னணி ஆட்டக்காரர் தொழில்முறைக் குற்றச்சாட்டில் விலக்கிவைக்கப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. 1933 டிசம்பர் 31 அன்று பாரிசின் பெர்ஷிங் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் பதின்மூவர் ஆட்டத்தை ஆடிக் காட்டின. அடுத்த சில வாரங்களில் கலியா ஓர் அணியைத் திரட்டி இங்கிலாந்துக்கே கூட்டிப்போனார். 1934 ஏப்ரலில் பிரெஞ்சுப் பதின்மூவர் ரக்பிக்கு முறையான அமைப்பு பிறந்தது.

அதே மாதம் 15ஆம் தேதி நம் பட்டியலின் முதல் வரி எழுதப்பட்டது. ஊர் பாரிசு, எதிரணி இங்கிலாந்து, 21–32 என்று தோல்வி. பிறந்து பத்து நாள்கூட ஆகாத அமைப்பு, நாற்பது வருட அனுபவம் உள்ளவர்களுக்கு எதிராக இருபத்தொரு புள்ளி எடுத்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். தெற்கத்திச் சிற்றூர்களில் சங்கம் சங்கமாகப் பதின்மூவர் பக்கம் சாய்ந்தார்கள். 1939க்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள். பதினைவர் ரக்பி நூற்றுக்கணக்கில் சங்கங்களை இழந்துகொண்டிருந்தது. 1939 பிப்ரவரியில் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் பிரான்சு 12–9 என்று வென்றது. ஏப்ரலில் போர்தோவில் வேல்ஸை வென்று ஐரோப்பியப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. பதினைவர் ரக்பியில் பிரான்சு இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக வென்றது 1951இல்தான். அதை நூறு வருட மரபும் மாளிகைகளின் ஆதரவும் பெற்ற ஆட்டம் என்றார்கள். ஐந்து வயதுக் குழந்தை அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே அந்த வேலையை முடித்துவிட்டது.

இங்கே தோழர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். திறமை இருந்தால் யாரும் முன்னுக்கு வரலாம் என்பார்கள். சரி, முன்னுக்கு வந்தார்கள். வந்தபோது என்ன நடந்தது?

1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. வடக்கு ஜெர்மானியர் வசம் போனது. தெற்கில் விஷி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு மார்ஷல் பெத்தேன் ஆட்சி அமைத்தார். உழைப்பு, குடும்பம், தாய்நாடு என்பது அந்த ஆட்சியின் முழக்கம். தொழிற்சங்க மையங்களைக் கலைத்தார்கள், யூதர்களைக் குடிமக்கள் என்ற நிலையிலிருந்து படிப்படியாகத் தள்ளினார்கள். விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. நாடு தோற்றது ஒழுக்கம் கெட்டதால், விளையாட்டில் காசு புகுந்ததும் அந்த ஒழுக்கக்கேட்டில் ஒன்று என்று கதை கட்டினார்கள். விளையாட்டுத் துறைக்குத் தலைமை ஏற்றவர் டென்னிஸ் வீரர் ழான் பொரொத்ரா. அவருக்குக் கீழே இருந்து, 1942இல் அவர் இடத்துக்கு வந்தவர் கர்னல் ழோசெஃப் பஸ்கோ. இந்தப் பஸ்கோ பதினைவர் ரக்பியில் பிரான்சுக்காக ஆடியவர்.

காசுதான் குற்றம் என்றால் எல்லாத் தொழில்முறை ஆட்டத்துக்கும் ஒரே சட்டம் இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் மிதிவண்டிப் பந்தயத்துக்கும் மூன்று வருடக் கெடு கொடுத்தார்கள். பதின்மூவர் ரக்பிக்குக் கெடுவும் இல்லை, கேள்வியும் இல்லை. 1940 இலையுதிர் காலத்திலேயே ‘பதினைவரோடு இணைந்துகொள்’ என்றார்கள். இணைப்பு என்று அதற்குப் பெயர். பாம்பும் தவளையும் இணைந்த மாதிரி! 1941 டிசம்பர் 19 அன்று பெத்தேன் கையெழுத்திட்ட ஆணை வந்தது. பிரெஞ்சுப் பதின்மூவர் ரக்பி அமைப்புக்கு அங்கீகாரம் மறுக்கப்படுகிறது, அமைப்பு கலைக்கப்படுகிறது, அதன் சொத்து முழுவதும் தேசிய விளையாட்டுக் குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது என்றது அந்த ஆணை. சில வரிகளில் கதை முடிந்தது. ஏழெட்டு வருடம் நுழைவுச்சீட்டுக் காசாகவும் சந்தாவாகவும் சேர்ந்ததெல்லாம் போனது. ஆடியவர்கள் ஒன்று பதினைவர் மைதானத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும்.

இந்தத் தடையை நாஜிகள் கொண்டுவரவில்லை என்பதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கர்கசோன், பெர்பினியான், துலூஸ் போன்ற ஊர்களில் 1942 நவம்பர் வரை ஜெர்மானியப் படையே கிடையாது. அந்நியன் வந்து பறித்தான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சொந்த நாட்டுக்காரன், சொந்த மொழி பேசுகிறவன், நேற்று வரை எதிரே நின்று ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தவன், ஆட்டத்தில் முடியாததை ஆணையில் முடித்தான். போர் வந்ததால் நாற்காலி கிடைத்தது. நாற்காலி கிடைத்ததால் பழைய கணக்கு தீர்க்கப்பட்டது. எதிரி நாட்டைத் துரத்த வக்கில்லாத ஆட்சிக்குச் சுரங்கத்தொழிலாளி ஆடும் ஆட்டத்தைத் துரத்த மட்டும் நேரம் இருந்தது.

இப்போது நம் பட்டியலைப் பாருங்கள். 1939 ஏப்ரலில் ஐரோப்பியப் பட்டம். அதற்கப்புறம் நாடு விடுதலை பெறும்வரை வெற்றிடம். புள்ளிவிவரப் புத்தகத்தில் அந்த வெற்றிடத்துக்கு ஒரு குறிப்பும் இருக்காது. வாசிப்பவன் ‘போர்க்காலம்தானே, எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று தாண்டிப் போய்விடுவான். ஆனால் போர் நடந்த அதே வருடங்களில் இங்கிலாந்தும் வேல்ஸும் தங்களுக்குள் பதின்மூவர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. குண்டு விழுந்த நாட்டில் ஆட்டம் நிற்கவில்லை. பிரான்சின் பக்கத்தில் உள்ள வெற்றிடத்துக்குக் காரணம் ஓர் ஆணை. ஆணையைக் கட்டத்தில் எழுதும் வழக்கம் கிடையாது. இப்படித்தான் வரலாறு எழுதப்படுகிறது. அடித்தவன் பெயர் இல்லாமல், அடிபட்டவன் வராத நாள் மட்டும் பதிவாகிறது.

1944இல் விடுதலை வந்தது. விஷி ஆட்சி ஒழிந்தது. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த போல் பரியேர் என்ற இளைஞரும் தோழர்களும் ஆட்டத்தை மீட்டெடுக்க இறங்கினார்கள். ‘சர்வாதிகாரி போனான், ஆணையும் போச்சு, பறித்ததைத் திருப்பிக் கொடு’ என்று கேட்பதுதானே நியாயம்? ஆட அனுமதித்தார்கள். சொத்து திரும்பி வரவில்லை, ஈடும் தரவில்லை. அதைவிடப் பெரிய அநியாயம், ‘ரக்பி’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்றார்கள்! அது பதினைவருக்கு மட்டுமே சொந்தமாம். பல பத்தாண்டுகளுக்கு அந்த அமைப்பு ‘பதின்மூன்று ஆட்டம்’ என்ற பெயரில் ஒண்டிக்கொண்டிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருநூறு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்றும், பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லித்தரக்கூடாது என்றும் நிபந்தனைகள் வந்தன. சர்வாதிகாரி முழுசாக எடுத்துக்கொண்டதில் குடியரசு கொஞ்சம் திருப்பித் தந்தது, மீதியைத் தானே வைத்துக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பெயர் இல்லாத ஆட்டத்தைப் பத்திரிகைக்காரன் எந்தப் பக்கத்தில் போடுவான்? எந்தப் பையன் தன் அப்பனிடம் போய் ‘நான் பதின்மூன்று ஆடப் போறேன்’ என்பான்? ‘அது என்னடா ஆட்டம்?’ என்று அப்பன் கேட்பான். பெயரை எடுத்துவிட்டால் முன்னோர் இல்லை, மரபு இல்லை, நேற்றுப் பிறந்த ஏதோ ஒன்று என்றாகிவிடும். பெயர் சூட்டும் அதிகாரம் எவன் கையில் இருக்கிறதோ அவனே பிறப்புச் சான்றிதழும் எழுதுகிறான்.

இத்தனையையும் தாங்கிக்கொண்டு அந்த அணி என்ன செய்தது என்பதற்கும் பட்டியலே சாட்சி. 1948–49இல் ஐரோப்பியப் பட்டம். 1950–51இலும் 1951–52இலும் மறுபடியும். 1951இல் ஆஸ்திரேலியாவுக்கு முதல் சுற்றுப்பயணம். அணித்தலைவர் புய்க்-ஓபேர் கர்கசோன்காரர், குள்ளமானவர், சிகரெட்டும் கையுமாகத் திரிந்ததால் ‘பிப்பெட்’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். உடற்பயிற்சிப் பாடப்புத்தகத்தில் போடுகிற உருவம் அல்ல. முதல் டெஸ்ட், சிட்னி: பிரான்சு 26, ஆஸ்திரேலியா 15. இரண்டாவது, பிரிஸ்பேன்: 11–23 என்று தோல்வி. மூன்றாவது, மீண்டும் சிட்னி: 35–14. தொடர் பிரான்சுக்கு! ஆட்டத்தின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல அனுமதி இல்லாத ஒரு கூட்டம், உலகின் மறுகோடிக்குப் போய் வலுவான அணியை அதன் வீட்டிலேயே வீழ்த்தியது. திரும்பி வந்தபோது மார்செய் தெருக்களில் மக்கள் வெள்ளம் நின்று வரவேற்றது. பிரெஞ்சு விளையாட்டு நாளேடு ‘லெகிப்’ அந்த வருடத்தின் சிறந்த வீரராகப் புய்க்-ஓபேரைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மறுபடி ஆஸ்திரேலியா போனார்கள், மறுபடியும் இரண்டுக்கு ஒன்று என்று தொடரை வென்றார்கள்.

இடையில் 1954. ரக்பி உலகின் முதல் உலகக் கோப்பை பிரான்சில் நடந்தது. யோசனை யாருடையது? எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்த அதே போல் பரியேர், அப்போது அமைப்பின் தலைவர். கோப்பையைக் கொடுத்தவரும் அவர்தான். பிரான்சு நியூசிலாந்தை 22–13 என்று வென்றது, துலூஸில் பிரிட்டனோடு 13–13 என்று சமன் செய்தது, நாந்த்தில் ஆஸ்திரேலியாவை 15–5 என்று வென்றது. நவம்பர் 13 அன்று பாரிசில் நடந்த இறுதியாட்டத்தில் பிரிட்டனிடம் 12–16 என்று நான்கே புள்ளியில் கோப்பை கை நழுவியது. பதினைவர் ரக்பிக்கு உலகக் கோப்பை என்ற எண்ணமே 1987இல்தான் நடைமுறைக்கு வந்தது. முப்பத்து மூன்று வருடம் முந்திய கண்டுபிடிப்பு யாருடையது என்று அங்கே எவரும் நினைவுகூர்வதில்லை.

1967–68 பருவத்தில் ஆஸ்திரேலியா பிரான்சுக்கு வந்தது. மார்செய்யில் 7–7, கர்கசோனில் 10–3, துலூஸில் 16–13. ஒரு தோல்விகூட இல்லாமல் தொடர் பிரான்சுக்கு. 1968 உலகக் கோப்பையிலும் இறுதியாட்டம் வரை போய் ஆஸ்திரேலியாவிடம் 2–20 என்று தோற்றார்கள். 1978இல் கர்கசோனில் 13–10, துலூஸில் 11–10 என்று ஆஸ்திரேலியாவை இரண்டு டெஸ்டிலும் வென்றார்கள். அதற்குப் பிறகு 2005 வரை ஆஸ்திரேலியா எந்தத் தொடரையும் எவரிடமும் இழக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு வெல்ல முடியாத அணியைக் கடைசியாகத் தோற்கடித்துவிட்டு ஒதுங்கியவர்கள் இவர்கள்.

அதன்பிறகு பட்டியலில் சரிவு. ஏன்? வேர் வெட்டப்பட்ட மரம் அன்றைக்கே விழாது. உள்ளே இருக்கிற சாறு தீரும்வரை நிற்கும். 1951இல் ஆடிய பலர் தடைக்கு முன்பே இந்த ஆட்டத்தின் கூச்சலைக் கேட்டு வளர்ந்த பையன்கள். அவர்கள் தம்பிகளுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடக் கதவு சாத்திக்கிடந்தது. நகராட்சி மைதானம், அரசு மானியம், தொலைக்காட்சி எல்லாம் பதினைவர் பக்கமே போயின. எழுபதுகளுக்குப் பிறகு ஊர்களில் ஆலை மூடி, ஆள் குறைந்து, சங்கங்கள் மெலிந்தபோது புதிய ஊர்களுக்குப் பரவ வழியில்லை. ஆணை போட்டவன் செத்து முப்பது வருடம் கழித்து அவன் ஆணை புள்ளிக் கட்டத்தில் வேலை செய்கிறது.

அதற்காக எல்லாப் பழியையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒடுக்கப்பட்டவன் செய்வதெல்லாம் சரி என்று எழுதினால் அது அவனுக்குச் செய்கிற துரோகம். 1981இல் பிரெஞ்சு வாகையர் இறுதியாட்டத்தில் பெர்பினியான் அணியும் வில்நேவ் அணியும் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கைகலப்பில் இறங்கின. ஆட்டம் கைவிடப்பட்டது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஏற்கெனவே கதவைச் சாத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நம்மவர்களே சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். ஊர்ப்பகையும் சங்கத் தலைவர்களின் குடுமிப்பிடியும் சேர்ந்துகொண்டன. 1987இல் தென்பசிபிக் பயணத்துக்குக் காசில்லாமல் சர்வதேச ஆட்டங்களையே விட்டுக்கொடுத்தார்கள். பட்டியலில் ‘ஆடாமல் தோல்வி’ என்று அது பதிவாகியிருக்கிறது. 1990இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்டனை 25–18 என்று வென்றது போன்ற மின்னல்கள் உண்டு. மின்னல் விளக்காகாது. 1995 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினார்கள்.

அதே 1995இல் நடந்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. அந்த ஆகஸ்டில் பதினைவர் ரக்பியின் உலக அமைப்பு, ‘இனி எங்கள் ஆட்டக்காரர்களும் சம்பளம் வாங்கலாம்’ என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டம் நடந்து சரியாக நூறு வருடம். நூறு வருடம் பாவம் என்று சொல்லி ஆளை விலக்கியது, சங்கத்தைக் கலைத்தது, சொத்தைப் பறித்தது எல்லாம் எதற்காகவோ அது ஒரே நாளில் புண்ணியமானது. விலக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு? மூச்! ஆறு ஷில்லிங் கேட்டவன் குற்றவாளி. கோடிகளில் சம்பளம் போட்டவன் நவீனமானவன்.

பெயர் 1990களின் தொடக்கத்தில்தான், அதுவும் நீதிமன்றப் படி ஏறித்தான், திரும்பக் கிடைத்தது. விஷி வீழ்ந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து! விஷி காலத்து விளையாட்டுக் கொள்கையை ஆராய அரசு அமைத்த குழுவின் அறிக்கை 2002இல் வெளியானது. நடந்தது நடந்ததுதான் என்று காகிதத்தில் ஒப்புக்கொள்வதற்குள் தடையைப் பார்த்த தலைமுறையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. 2025 உலகக் கோப்பையைப் பிரான்சில் நடத்துவதென்று முடிவாகி, முதல் உலகக் கோப்பை பிறந்த மண்ணுக்கே அது திரும்புகிறது என்று மகிழ்ந்தார்கள். 2023 மே மாதம் பிரான்சு கையை விரித்தது. பணத்துக்கு அரசு உத்தரவாதம் தராது என்பது காரணம். அதே 2023 இலையுதிர் காலத்தில் பதினைவர் உலகக் கோப்பை அதே பிரான்சில் தடபுடலாக நடந்தது. கணக்கு வழக்கு, செலவு, ஏற்பாட்டுக் குறை என்று காரணங்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஒருவன் வீட்டு அடித்தளத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, எண்பது வருடம் கழித்து ‘உன் சுவர் பலமில்லை, கடன் தர முடியாது’ என்கிற வங்கிக்காரன் மாதிரி இருக்கிறது இது.

ஆனாலும் ஆட்டம் சாகவில்லை. பெர்பினியானின் ‘கத்தலான் டிராகன்ஸ்’ 2006 முதல் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியில் ஆடுகிறது. 2018இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் வாரிங்டனை 20–14 என்று வென்று சேலஞ்சு கோப்பையைத் தூக்கியது. நூறு வருடத்துக்கும் மேலான அந்தக் கோப்பை இங்கிலாந்துக்கு வெளியே போனது அதுவே முதல் தடவை. சக்கர நாற்காலி ரக்பி லீகில் பிரான்சு 2013இலும் 2017இலும் உலகக் கோப்பையை வென்றது. 2022 இறுதியாட்டத்தில் இங்கிலாந்திடம் நான்கு புள்ளியில் தோற்றது. வாய்ப்பு சமமாகக் கிடைக்கிற இடத்தில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

இனி அந்த 0–64ஐ மறுபடி பாருங்கள். அந்த எண் பொய் அல்ல. அன்றைக்கு மைதானத்தில் இங்கிலாந்து அறுபத்து நாலு எடுத்தது உண்மை. பிரான்சுக்குச் சைபர் என்பதும் உண்மை. ஆனால் அந்த எண்ணை மட்டும் காட்டி ‘இவர்களின் தகுதி இவ்வளவுதான்’ என்பது பெரும் பொய். எண்பது நிமிட ஆட்டத்தை அளக்கத்தான் புள்ளிக் கட்டம். எண்பது வருடப் பறிப்பை அளக்க அதற்குச் சக்தி கிடையாது. பறித்தவனிடம் கணக்குக் கேட்காமல் பறிகொடுத்தவனிடம் மதிப்பெண் கேட்பதுதான் தகுதி வாதத்தின் மொத்த சூட்சுமம்.

மாணவத் தோழர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். எந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தாலும், அது தேர்வு முடிவாக இருந்தாலும் வேலைப் பட்டியலாக இருந்தாலும் ஆட்டப் பட்டியலாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த வருடங்கள் காலியாக இருக்கின்றன? அந்த வருடங்களில் கையெழுத்துப் போட்டது யார்? பறித்ததில் எவ்வளவு திரும்பி வந்தது? பிரான்சின் பதின்மூவர் விஷயத்தில் மூன்றாவது கேள்விக்கான பதில் இதுதான்: பெயர் வந்தது, சொத்து வரவில்லை, பள்ளிக்கூடத்தில் இழந்த தலைமுறைகள் வரப்போவதும் இல்லை. ஆகவே அவர்கள் கேட்க வேண்டியது அனுதாபம் அல்ல. பறித்ததற்கு ஈடாகப் பள்ளிகளில் இடம், மைதானங்களில் சம பங்கு, பொதுப்பணத்தில் நியாயமான ஒதுக்கீடு. அதைக் கொடுத்துவிட்டு ஒரு தலைமுறை கழித்துப் புள்ளிக் கட்டத்தைப் பார்க்கட்டும். அப்போது பேசலாம் தகுதியைப் பற்றி.